பின்கோடு பாடும் பாட்டு

மும்பையில் தபால்காரர்களுக்கு அடுத்தபடியாகப் பின்கோடு எண்களை மரியாதையோடு உச்சரிப்பவர்கள் ராப் பாடகர்கள்தான். முழு எண்ணும் தேவையில்லை. கடைசி இரண்டு இலக்கங்கள் போதும். 17 என்றால் தாராவி. 70 என்றால் குர்லா. 59 என்றால் அந்தேரி கிழக்கின் ஜே.பி. நகர். குர்லாவாசியான நவேத் ஷேக் - நேசி என்றால்தான் தெரியும் - பற்றி 2014இல் வந்த குறும்படத்தின் பெயர் 'பாம்பே 70'. தாராவியின் எம்.சி. அல்தாஃப் தன் பாட்டுக்கு வைத்த பெயர் 'கோட் மும்பை 17'. டிவைன் என்ற பெயரில் பாடும் விவியன் ஃபெர்னாண்டஸ் ஜே.பி. நகரை விட்டு எத்தனை தூரம் போனாலும் 59 அவர் கூடவே போகிறது.

தபால் துறை பின்கோடை அறிமுகப்படுத்தியது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், சிண்டி கேம்பெல் என்ற பெண் பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஒரு நடன விருந்து நடத்தினாள். அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, பாட்டை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் நீட்டினான். ஹிப்-ஹாப் பிறந்த இடம் என்று உலகம் இன்று சொல்வது அந்த அறையைத்தான். அதற்கும் ஒரு கதவு எண் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்திப் பாடலுக்கு ஊர் உண்டு, திரைப்பாடலுக்குப் படம் உண்டு. கதவு எண்ணோடு பிறந்த இசை இது ஒன்றுதான் போலிருக்கிறது.

பின்கோடு ஏற்பட்டது வெளியிலிருந்து வரும் கடிதம் வழி தவறாமல் உள்ளே வருவதற்காக. இந்த வாலிபர்கள் அதைத் திருப்பிப் பிடித்தார்கள். உள்ளேயிருந்து போகும் குரலின் மூலையில் அனுப்புநர் முகவரியாக அதை எழுதினார்கள்.

அவர்களுடன் நடந்த உரையாடல்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஏராளமாக வந்துவிட்டன. ஆங்கிலப் பத்திரிகைகள், இந்தித் தொலைக்காட்சிகள், வெளிநாட்டு வானொலிகள் என்று யாரும் விட்டுவைக்கவில்லை. வரிசையாக ஐந்தாறைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். கேட்பவரின் முதல் கேள்வி எப்போதும் வறுமையைப் பற்றியது. எத்தனை அடி அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள், கழிப்பறைக்கு எங்கே போனீர்கள், போலீஸ் பிடித்ததா? பதில் சொல்பவர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது நான்காவது கேள்வியில் தனக்கு வேண்டிய இடத்துக்குப் பேச்சைத் திருப்பப் பார்க்கிறார். அது சொல்லைப் பற்றியது. எந்தச் சொல் தாளத்தில் உட்கார்ந்தது, எது உட்காரவில்லை. பிறகு பெயரைப் பற்றியது. பாட்டின் கீழே யார் பெயர் போட்டார்கள், யார் பெயரை விட்டார்கள். கேட்பவர் பெரும்பாலும் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அது மறுபடியும் கழிப்பறைதான்.

இந்தப் பேட்டிகளைத் தமிழில் பெயர்க்க உட்காருபவருக்கு முதல் சொல்லிலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. 'ஸ்லம்' என்பதற்குக் குடிசைப் பகுதி என்று போடலாம். ஆனால் தாராவியில் பெரும்பகுதி குடிசை அல்ல, தகரமும் செங்கல்லும் மேல்மாடியும்தான். சேரி என்று போட்டால் தமிழில் அந்தச் சொல்லுக்குள் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மும்பைப் பையன் சொன்னது அதுவல்ல. 'கல்லி' இன்னும் மோசம். சந்து என்றால் அகலம் மட்டும் வருகிறது, உறவு வருவதில்லை. 'பன்ட்டாய்' என்று அவர்கள் ஒருவரை ஒருவர் அழைப்பதற்கு மச்சான், மாப்ளே, பங்காளி எல்லாம் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எதுவும் உள்ளே நுழைவதில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிடுவதுதான் உத்தமம்.

பெயர் வைத்துக்கொள்வதிலேயே ஒருவருடைய பயணம் முழுவதும் தெரிந்துவிடும். பிலால் ஷேக் என்ற மும்பை வாலிபர் தனக்கு எமிவே பன்ட்டாய் என்று பெயர் சூட்டிக்கொண்டார். எமினெமிலிருந்து பாதி, லில் வெயினிலிருந்து பாதி. இரண்டு அமெரிக்கர்களைச் சேர்த்து ஒட்டிவிட்டு, வாலில் மும்பைத் தெருவின் சொல்லை மாட்டினார். போற்றியது யாரை, பேசுவது யாரிடம் என்ற இரண்டு தகவலும் அந்த ஒரு பெயரில் இருக்கின்றன. பெரிய நிறுவனம் எதையும் சாராமல் தன் பாட்டைத் தானே வெளியிட்டுப் பெயர் வாங்கியவர் அவர்.

எல்லோருமே போலியில்தான் தொடங்கினார்கள். அதை மறைப்பதும் இல்லை. டிவைன் பள்ளிக்கூடத்தில் ஒரு நண்பன் போட்டு வந்த சட்டையில் ஃபிஃப்டி சென்ட் படத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்டதில் தொடங்குகிறது அவர் கதை. அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்க, பாட்டியிடம் வளர்ந்த பையன். நேசி பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஜமைக்காவின் ஷான் பால் பாட்டைப் பிரதி எடுத்து, அர்த்தம் புரிந்தும் புரியாமலும் பாடிக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். இருவருக்கும் முதல் ராப் மொழி ஆங்கிலம்தான். பெரிய பாடகன் போலப் பேச வேண்டுமென்றால் பெரிய பாடகனின் மொழியில்தானே பேச வேண்டும்?

மாறியது எப்போது என்பதுதான் இந்த உரையாடல்களில் சுவையான இடம். 2013இல் டிவைன் 'யே மேரா பாம்பே' என்று இந்தியில் பாடினார். 2014இல் நேசி, அப்பா வாங்கிக்கொடுத்த ஐபேடை வைத்து 'ஆஃபத்' பாட்டைப் பதிவு செய்து படமும் பிடித்தார். வலையிலிருந்து இறக்கிய தாளம், குர்லாவின் சந்துகள், கையில் ஐபேட், அவ்வளவுதான். அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து 'மேரே கல்லி மே'. இந்தி என்றால் வானொலி இந்தி அல்ல; மராத்தியும் உருதும் கலந்து, இலக்கணம் தேய்ந்து, பன்மையில் விளித்தாலும் மரியாதை இல்லாமல் ஒலிக்கிற பம்பாய் இந்தி. அதற்குமுன் இந்தியில் ராப் இல்லாமல் இல்லை. 1992இல் பாபா சேகலின் 'தண்டா தண்டா பானி' வீட்டுக்கு வீடு கேட்டது. தமிழில் 1994இல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்'. ஆனால் இரண்டிலும் ராப் என்பது வேடிக்கை. கல்யாண வீட்டில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து சிரிக்கவைக்கிற மாமாவைப் போல. குர்லாவிலிருந்து வந்த குரல் சிரிக்கவைக்க வரவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இசையின் நுட்பம் ஒன்று உடனே பிடிபடும். ராப் உயிர் வாழ்வது இயைபில். அடியின் கடைசியில் ஓசை ஒன்ற வேண்டும். ஆனால் தமிழில் இயைபு சல்லிசான சரக்கு. வினைமுற்று வரிசையாக வந்து நின்றால் போதும், 'வந்தேன், தின்றேன், நின்றேன்' என்று தானாகவே ஒன்றிவிடும். இந்தியிலும் அதே கதைதான். வாக்கியத்தின் முடிவில் 'ஹை' என்று ஒன்று காத்துக்கொண்டிருக்கும். ஆங்கிலக்காரனுக்கு வியர்வை சிந்திக் கிடைப்பது நம் மொழிகளில் ஓசியில் கிடைக்கிறது. ஓசியில் கிடைப்பதற்கு மதிப்பு ஏது? அதனால் நல்ல பாடகன் என்ன செய்கிறான் என்றால், முடிவில் உள்ள ஒற்றுமையை நம்பாமல் அடியின் நடுவில், தொடக்கத்தில், எதிர்பாராத இடத்தில் ஓசையைக் கொண்டுவந்து வைக்கிறான். நம் புலவர்கள் எதுகையையும் மோனையையும் அடியின் முன்னால் வைத்ததற்கும் ஏறத்தாழ இதுதான் காரணமாக இருக்கும். யாப்பருங்கலக்காரிகை படிக்காமலேயே மாட்டுங்காவிலும் மாஹிமிலும் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். யாரும் கேட்பதில்லை.

தாராவியில் இந்தப் பேச்சு நான்கு மொழிகளில் நடக்கிறது. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னால் தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், குஜராத்திக் குயவர்கள், உத்தரப்பிரதேசத்துத் தையற்காரர்கள் எல்லாம் ஒருவர் சுவரில் ஒருவர் சாய்ந்து வாழ்கிறார்கள். ஒரே வாலிபன் வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி, பாட்டில் எல்லாமும். டோப்பாடெலிக்ஸ் என்ற குழு இப்படித்தான் உருவானது. 2018இல் 'காலா' படத்துக்கு சந்தோஷ் நாராயணன் இசையமைத்தபோது அந்தக் குழுவையே எழுதவும் பாடவும் அழைத்தார். ரஜினிகாந்த் படத்தில் தாராவியைப் பற்றித் தாராவிப் பையன்களே பாடினார்கள். சென்னைத் திரையரங்குகளில் கேட்டவர்களுக்கு அந்தத் தமிழ் கொஞ்சம் விநோதமாக ஒலித்திருக்கலாம். அது மும்பையில் நூறாண்டாக நனைந்து காய்ந்த தமிழ்.

2015இல் தாராவி ட்ரீம் புராஜெக்ட் என்ற அமைப்பு மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ராப், வாயால் தாளம் போடும் பீட்பாக்ஸ், பிரேக் நடனம் எல்லாம் இலவசமாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது. வட்டமாக நின்று ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் எடுத்துப் பாடும் 'சைஃபர்' அங்கே சாதாரணக் காட்சி. எதிர்ப்பாட்டுக்கு நம்மூரில் லாவணி உண்டு. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் நின்று விடிய விடிய வாதாடுவார்கள். சைஃபரில் கட்சி இல்லை. எதிரே நிற்பவனின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தன் சொல்லைத் தொடங்க வேண்டும், தவறவிட்டால் சிரிப்பு.

சினிமா வந்தது. 2019 பிப்ரவரி 14 அன்று ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' வெளியானது. நேசி, டிவைன் இருவரின் வாழ்க்கையிலிருந்து எழுந்த கற்பனை. வாழ்க்கை வரலாறு அல்ல என்று இயக்குநரே சொன்னார். ரன்வீர் சிங் நாயகன். நியூயார்க்கின் பெரிய ராப் பாடகர் நாஸ் பெயர் நிர்வாகத் தயாரிப்பாளர் வரிசையில். 18 பாடல்கள். அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியது இந்தப் படத்தை. அடுத்த பிப்ரவரியில் குவாஹாத்தியில் நடந்த ஃபிலிம்ஃபேர் விழாவில் 13 விருதுகள். 'அப்னா டைம் ஆயேகா' பாட்டை எழுதியதற்காக டிவைனுக்கும் அங்குர் திவாரிக்கும் சிறந்த பாடலாசிரியர் விருது.

நல்ல செய்திதான். குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். நம் காலம் வரும் என்ற அந்த வாக்கியம் பனியன்களில், ஆட்டோவின் முதுகில், அரசியல் மேடைகளில் எல்லாம் ஏறியது. அதைப் பாடிய குரலாக ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது ரன்வீர் சிங்குடையதை. உண்மையிலேயே அவர்தான் பாடினார், நன்றாகவும் பாடினார். ஆனால் ராப்பின் முதல் விதியே எழுதியவன்தான் பாட வேண்டும் என்பது. அடுத்தவன் எழுதியதைப் பாடுவது அந்த வட்டத்தில் வசவு. திரைப்படத்தில் அதுவே வழக்கம். இரண்டு உலகங்களும் அந்தப் பாட்டில்தான் மோதின. மோதல் சத்தம் தாளத்தில் அமுங்கிப்போனது.

டிவைன் கெட்டிக்காரர். அதே 2019இல் கல்லி கேங் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். நாஸுக்குப் பங்குள்ள மாஸ் அப்பீல் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு கைகோத்து 'கோஹினூர்' ஆல்பத்தை வெளியிட்டார். முதலாளியாகிவிட்டால் பெயரை யாரும் விட முடியாது. நேசியின் வழி வேறு. எல்லோரும் அவரைத் தேடிய 2018வாக்கில் அவர் மேடையில் இல்லை, பாட்டைவிட்டு விலகியிருந்தார். படம் வரும் நேரத்தில் 'ஆஃபத் வாபஸ்' என்று திரும்பினார். 2024இல் 'பிக் பாஸ் ஓடிடி' நிகழ்ச்சியில் இரண்டாம் இடம். வீட்டு வாடகைக்கு எதுவும் செய்யலாம், தப்பில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த 18 பாடல்களில் 'இந்தியா 91' என்று ஒன்று. இங்கும் எண்தான், நாட்டின் தொலைபேசிக் குறியீடு. பல மொழிகளில் பல பாடகர்கள் ஆளுக்குச் சில அடிகள் பாடியது. அவர்களில் ஒருவர் எம்.சி. தோட்ஃபோட் என்ற தர்மேஷ் பர்மார். ஸ்வதேசி குழுவைச் சேர்ந்தவர், குஜராத்தியில் ராப் பாடியவர். 2022 மார்ச்சில் 24 வயதில் இறந்தார். பல பத்திரிகைகள் தலைப்பில் போட்டது 'கல்லி பாய் பாடகர் மரணம்' என்று. ஸ்வதேசியோடு அத்தனை மேடை ஏறிய பையனின் முகவரி கடைசியில் ஒரு படத்தின் பெயராகிவிட்டது.

பெயர் போகும் கதை மும்பையில் தொடங்கியதல்ல. உலகெங்கும் விற்ற முதல் ராப் இசைத்தட்டிலேயே அது இருக்கிறது. 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்'. நியூ ஜெர்சியில் ஒரு பீட்ஸா கடையில் வேலை பார்த்த பிக் பேங்க் ஹேங்க் என்பவர் அதில் பாடிய அடிகள் அவருடையவை அல்ல; பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதியவை. கேஸின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் அப்படியே பாடினார். எந்த அளவுக்கு அப்படியே என்றால், கேஸ் தன்னுடைய மேடைப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பெருமையடிக்கும் இடத்தைக்கூட மாற்றவில்லை. உலகம் முழுவதும் கேஸின் பெயர் ஒலித்தது, கேஸுக்குக் காசும் இல்லை, தட்டின் உறையில் இடமும் இல்லை. பக்த கவி கடைசி அடியில் தன் பெயரை முத்திரையாக வைப்பார் அல்லவா? அந்த முத்திரையோடு சேர்த்தே திருட முடியும் என்று காட்டிய முதல் சம்பவம் அதுவாக இருக்கலாம்.

இந்தியாவில் சட்டம் கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படத்துக்கு எழுதினாலும், அரங்குக்கு வெளியே பாட்டு ஒலிக்கும் இடங்களில் எல்லாம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் சம பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர். அவருடைய மகள்தான் ஜோயா அக்தர் என்பது தற்செயல்.

ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ராப்பை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. சட்டத்தின் 2ஆம் பிரிவு 'இசைப் படைப்பு' என்றால் என்ன என்று சொல்கிறது: இசை, அதற்கான சுரக்குறிப்பு. பாடவோ பேசவோ உரிய சொற்கள் அதில் சேராது. சொல் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது என்று கோடு கிழித்த மாதிரி. சங்கீத வித்வானுக்கும் திரைப்படக் கவிஞருக்கும் இது பொருந்தும். ராப் பாடகனுக்கு? சொல்லை எந்த வேகத்தில், எங்கே நிறுத்தி, எங்கே இழுத்து, தாளத்துக்கு முன்னாலா பின்னாலா என்று உட்காரவைப்பதுதான் அவன் கலை. 'ஃப்ளோ' என்று அதைச் சொல்கிறார்கள். தமிழில் நடை என்றே சொல்லிவிடலாம். அந்த நடை சொல்லா, மெட்டா? இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பவனுக்கு ரசீது கிடைப்பது கடினம்.

இந்தக் கேள்வி தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது. 2021 மார்ச் 7 அன்று வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி'யைச் சுற்றி நடந்தது இதுதான்.

அறிவு என்ற அறிவரசு, அரக்கோணம். 'காலா'வில் 'உரிமையை மீட்போம்' பாட்டை எழுதியவர், இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர். 2019இல் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்துக்கு 'தெருக்குரல்' என்று பெயர். ஓர் எழுத்தை இங்கும் அங்கும் மாற்றி வள்ளுவரைத் தெருவுக்குக் கூட்டிவந்த அந்தப் பெயரை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று கணக்குப் பிரித்தார்கள். ஆட்களைக் கேட்கவில்லை. அப்படி வந்து சேர்ந்த நிலமில்லாத குடும்பங்களின் கதை பேரனுக்குப் பாட்டி வாயிலாக வந்தது. பாட்டில் அவர் பெயரும் வருகிறது, காட்சியில் அவரும் வருகிறார். பாடகி தீ, எழுதிப் பாடிய அறிவு, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாட்டு பல கோடி முறை கேட்கப்பட்டது. திருமண வீட்டில் அதற்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது நிலம் இழந்தவர்களின் பாட்டு என்று தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். ஒப்பாரியின் சாயலைத் துள்ளல் தாளத்தில் வைத்தால் கால்தான் முதலில் கேட்கும்.

அதே 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை தமிழ்ச் சுயாதீன இசையைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. பாராட்டப்பட்ட பாடல்களில் இது ஒன்று. அட்டையில் தீ இருந்தார். பாட்டை எழுதியவர் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், சமூக வலைத்தளங்களில் பலர் கேட்டார்கள். பிறகு அறிவை வைத்து இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர் முன்னிலையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார்.

சில நாட்களில் அறிவு சமூக வலைத்தளத்தில் எழுதினார். பாட்டைத் தானே இயற்றியதாகவும், எழுதியதாகவும், பாடி நடித்ததாகவும், மெட்டையோ ஒரு சொல்லையோ யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்றும், ஆறு மாதம் தூக்கமில்லாமல் உழைத்ததாகவும் சொன்னார். கூட்டு முயற்சி என்பதை அவர் மறுக்கவில்லை. அதற்காக இது வள்ளியம்மாளின் வரலாறு இல்லை என்றாகிவிடாது என்றார். சந்தோஷ் நாராயணன் பதில் அறிக்கை விட்டார்: மெட்டமைப்பிலும் தயாரிப்பிலும் தனக்கும் தீக்கும் உள்ள பங்கை விளக்கினார், வருவாயில் மூவருக்கும் சம உரிமை என்றார். அறிவின் பங்கைத் தான் ஒருபோதும் குறைத்ததில்லை என்று தீயும் எழுதினார்.

மூன்று அறிக்கைகளையும் சண்டையாகப் படித்தவர்கள்தான் அதிகம். நிதானமாகப் படித்தால் மூவரும் பொய் சொல்லவில்லை என்று படும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் தாளத்தைச் சுழலவிடுகிறார், இன்னொருவர் அதன்மேல் பேசிப் பார்க்கிறார், பேச்சு மெல்ல ராகமாகிறது. அந்த ராகம் யாருடையது? தாளம் போட்டவருக்கு அது தன் இசைக்குள் வந்த சொல். பேசியவருக்கு அது தன் சொல்லுக்குள்ளிருந்து வந்த இசை. இவர்களுக்கும் முன்னால் பாட்டியின் தொண்டையில் இருந்த ஒன்று இருக்கிறது. அதற்குச் சுரக்குறிப்பும் இல்லை, 2ஆம் பிரிவும் இல்லை. ஆனால் அட்டைப்படம் எடுப்பவருக்கும் விழா நடத்துபவருக்கும் இந்த நுட்பம் ஒரு சாக்கு ஆக முடியாது. எழுதியவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகமே இல்லாத பெயரை விட்டார்கள்.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளி வெளியிட்டார். அந்தப் பாட்டின் மூலம் தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ அதுவரை ஒரு ரூபாய்கூட வருமானம் வரவில்லை என்றார். இரண்டு வருடமாக இந்தப் பாட்டின் பேரில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றவர்கள் எல்லாம் அதைக் கேட்டு ஒரு நிமிடம் வாயடைத்திருப்பார்கள். சமமாகப் பிரித்துக்கொள்வது என்ற ஏற்பாடு அட்சரம் பிசகாமல் நிறைவேறியிருந்தது. மூவருக்கும் சம பூஜ்யம்.

அடுத்த பேட்டியில் யாராவது இந்தப் பாடகர்களிடம் ஒப்பந்தத்தின் மூன்றாவது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கும். மராத்தியில் வேகமாகப் பாடும்போது மெய்யெழுத்துகளை என்ன செய்கிறாய் என்று கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

அறிவு அதே 2024இல் தன் அம்பாசா குழுவோடு பன்னிரண்டு பாட்டுகள் கொண்ட ஓர் ஆல்பம் வெளியிட்டார். இந்தத் தடவை அட்டையில் பெயர் விடுபட வழியில்லை. தலைப்பையே முகவரியாக எழுதியிருந்தார்: 'வள்ளியம்மா பேராண்டி'.